பன்னிரண்டு வரி

துர்க்குவுக்கு மேற்கே, இரண்டு தீவுகளுக்கு நடுவே
கம்பி பிடித்துப் போய்வரும் படகு.
இரவுப் பணி என்சியோவுக்கு.
மணி மூன்று. வண்டி ஏதுமில்லை.

அலைபேசித் திரையில் ஓர் இரும்புக் கை.
எடு. வலம் போ. வை. இடம் வா.
பெட்டி இல்லையென்றால் நில்.
பதினான்கு வரியில் புதிரை முடித்துவிட்டான்.
முடித்ததும் வரைபடம் ஒன்று விரிந்து
எவனோ ஒன்பதில் முடித்ததைக் காட்டியது.

ஒன்பதா?

ஒரு வரியை அழித்தான்.
கை பெட்டியில் மோதிச் செத்தது.
மறுபடி எழுதினான்.

அக்கரையில் முகப்பு விளக்கு இருமுறை மின்னியது.
வெறும் படகாய்ப் போய்
ஒரு பழைய காரை ஏற்றினான்.
உள்ளே மாட்டு வைத்தியர் ஒருத்தி,
முழங்கைவரை காய்ந்த ரத்தம்.
"இரட்டைக் கன்று" என்றாள்,
பிறகு தூங்கிப்போனாள்.

பாதி நீரில் உறைத்தது:
கை ஏன் வெறுமனே திரும்ப வேண்டும்?
வரும்போது காலிப் பெட்டியைத் தூக்கி வரலாமே.

காரை இறக்கிவிட்டு
நின்றபடியே திருத்தினான்.
பன்னிரண்டு.
'நில்' என்ற வரியை மட்டும் தொடவில்லை.
அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

மிச்ச மூன்று எங்கே என்று
கறுத்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தான்,
கம்பி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.