என் காரணீயம்

தார்த்து நகரில் பிப்ரவரி.
எமயோகி ஆறு மூன்று வாரமாக நடக்கத் தோதான தரை.
விடுதியின் நான்காம் மாடிச் சமையலறையில்
லீலோ ஒரு பெட்டி வரைந்து நடுவில் தடுப்பு போடுகிறாள்:
இந்தப் பக்கம் ஆர்கன்,
அந்தப் பக்கமும் ஆர்கன்.
ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம்.
தடுப்பை உருவினால் என்ட்ரோபி எவ்வளவு கூடும்?

கூடக்கூடாது.
அவள் கணக்கில் கூடுகிறது.
நாலு தடவை அழித்துப் போட்டாயிற்று,
இரண்டின் மடக்கை
வாடகை பாக்கி கேட்பவர்போல் வாசலைவிட்டு நகரவில்லை.

குளிர்பெட்டி உறுமி அடங்குகிறது.
அதில் மேல்தட்டு விர்வேக்கு, கீழ்த்தட்டு இவளுக்கு.
பாலில் பெயர்ச்சீட்டு. வெண்ணெயில் பெயர்ச்சீட்டு.
சண்டை ஒரு ஜன்னலைப் பற்றி:
வெளியே மைனஸ் பதினெட்டில்
விர்வேக்குக் காற்று வேண்டும்.
உப்புப் பெறாத விஷயம்.
மறுநாளே உப்பும் இரண்டு புட்டி ஆனது,
இரண்டிலும் ‘மினு’ என்று அவரவர் கையெழுத்து.
அவர்கள் மொழியில், ‘என்னுடையது’.

நிலைகளை எண்ணி முடித்ததும்
என் காரணீயத்தால் வகு என்கிறது பாடநூல்.
என், துகள்களின் எண்ணிக்கை.
இதை எழுதும் மொழியில் அந்த எழுத்துக்கு
வேறொரு காதும் உண்டு;
லீலோ அறிய வழியில்லை.
வகுப்பில் அதை உப்புக்குச் சப்பாணி என்று விட்டிருந்தாள்.
தன்னையறியாமல் அணுக்களுக்கு எண் கொடுத்திருந்தாள்:
ஒன்றும் ஏழும் இடம் மாறினால்
அது வேறு உலகம் என்று.
ஏழுக்குத் தெரியாது
தான் ஏழு என்று.

மூன்றேகால்.
இரண்டு புட்டியையும் விளக்கடியில் பிடிக்கிறாள்.
ஒரே கடை, ஒரே விலை.
ஒன்றை ஒன்றில் கவிழ்க்கிறாள்.
தூறல் சத்தம்.
பாதியைத் திரும்பப் பிரித்து ஊற்றுகிறாள்.
எதுவும் நடக்கவில்லை.
நடக்காத அதைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் நிற்கிறாள்.

பிறகு தாளில் வகுக்கிறாள்.
மடக்கை உதிர்கிறது.
பூச்சியம், ஸ்டர்லிங் தோராயம் விட்டுவைத்த
சில்லறை நீங்கலாக.

காலையில் விர்வே,
தலையில் துண்டோடு, முட்டைக்கு எதிரே:
“இதில் எது என் உப்பு?”
லீலோ வாயைத் திறந்தாள்.
ஒன்றரைப் பக்கம் சொல்ல இருந்தது.
“இடது பக்கம் இருப்பது” என்றாள்.

சர்க்கரையை அவள் தொடவில்லை.
விர்வேயுடையது பழுப்பு, இவளுடையது வெள்ளை;
அது கலந்தால் கலந்ததுதான்.

ஜன்னல் திறந்தே இருக்கிறது.
இரண்டாவது ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு
ஐந்தாம் கணக்கைப் பிரிக்கிறாள்.