ஒன்று என்றால் ஆம்

பைக்காரா கரண்டு திருப்பூருக்கு வந்த புதிது.
பால் திரிந்தால் கரண்டு, மாடு மிரண்டால் கரண்டு.
ராமாயாள் உட்கார்ந்தால் மேஜை தட்டுகிறது,
செத்தவர்கள் பதில் சொல்கிறார்கள் என்றதும்
வக்கீல் எனக்குத்தான் ஆள் விட்டார்:
ஒயர்மேன் அங்கண்ணன்,
மேஜைக்கடியில் கம்பி உண்டா என்று பார்க்க,
கூலி பன்னிரண்டணா.

ஜின்னிங் கிட்டங்கியின் பின்னறை.
பஞ்சுத் தூசி இன்னும் அடங்கவில்லை.
வக்கீல் நரசிம்மய்யர்
சீமைப் பத்திரிகை பார்த்துப் பதினாலு விதி எழுதி வந்திருந்தார்.
மகள் சம்பந்தத்துக்குப் பூக்கேட்டு
சிவப்பு வந்ததும் மறுபடி கேட்ட மனுஷன்.
டாக்டர் தேவசகாயம் எதையும் நம்பாதவர்,
ஞாயிற்றுக்கிழமை தவிர.
முதலாளி சென்னியப்பக் கவுண்டர் வாயே திறக்கவில்லை.
சுவரில் கவுளி அடித்தது.
மூவரும் ஒருசேர நிமிர்ந்து பார்த்தார்கள்.
அதைச் சோதிக்க ஒருவரும் சொல்லவில்லை.

நான் அடியில் படுத்துத் தேடிக்கொண்டிருக்கும்போதே
விளக்கை அணைத்துவிட்டார்கள்.
எழுந்தால் தலை இடிக்கும்.
டார்ச்சின் முகத்தை உள்ளங்கையால் பொத்தினேன்.
விரலிடுக்கில் என் ரத்தமே வெளிச்சமாகக் கசிந்தது.
அதில் தெரிந்தது அவள் கால்.
மெட்டி கழற்றிய வெளுப்பு, வெடித்த குதிகால்,
பெருவிரல் கணுவில் நெல்லிக்காய் அளவு காய்ப்பு.
அது பக்கத்து விரலை நெரித்து நழுவும்போது
பலகையில் ஒரு சொடுக்கு.
ஒன்று என்றால் ஆம். இரண்டு என்றால் இல்லை.

அவ்வளவுதான் ஆவி.
பன்னிரண்டணா சுலபமாய்க் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் சென்னியப்பன் கேட்டார்:
"பிளேக் கொட்டாயில, கடேசியில,
எம்பையன் தண்ணி கேட்டானா?"

விரல் எழுந்தது. எழுந்தபடி நின்றது.
நான் ஒரு கம்பம் ஏறி இறங்கும் நேரம்
அந்தரத்தில் நின்று நடுங்கியது.
ஏமாற்றுகிற விரலுக்கு
எதற்கு இத்தனை யோசனை?

ஒன்று தட்டியது.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

மேலே டாக்டரின் குரல்:
"சரிதாங்க. கேக்கல.
அந்தக் கொட்டாயில நான் இருந்தேன்."

வெளியே வந்து சைக்கிள் விளக்கைப் பற்றவைத்துக்கொண்டே
என்னிடம் மட்டும் சொன்னார்:
"ராத்திரி பூரா கேட்டான்."

"கம்பி இருந்ததா?" என்றார் வக்கீல்.
"இல்லீங்க."
"வேறெதாவது?"
"கம்பி பாக்கத்தானுங்க வந்தேன்."
கையெழுத்துப் போட்டேன்.

மறு தையில் மேடை போட்டு, பலகை போட்டு,
வெறுங்காலோடு அவளை ஏற்றினார்கள்.
அத்தனையும் விரல் வித்தை என்றாள்.
தட்டிக் காட்டினாள்.
சிரிப்பு ஓய ரொம்ப நேரமாயிற்று.
அதற்கு இருபது ரூபாய் கை மாறியதாகப் பேச்சு.

முன்வரிசையில் சென்னியப்பன் எழுந்தார்.
"வெரலாவே இருக்கட்டுமுங்க.
ரெண்டாவது தட்டுனது ஆரு?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதில் சொன்னதாக யாரும் சொல்லவில்லை.

ஆடியில் மாற்றிப் பேசினாள்:
காசுக்காகப் பொய் சொன்னேன், தட்டியது நிஜம்.
முதல் பேச்சை ஒரு கட்சி நோட்டீஸ் போட்டது,
இரண்டாவதை மறு கட்சி.
இரண்டும் ஒரே அச்சுக்கூடம்.

இன்றைக்கும் இரண்டு பக்கத்தாரும்
கம்பத்தடிக்கு வந்து அண்ணாந்து கேட்கிறார்கள்.
அடியில் கிடந்தவன் நான் ஒருத்தன்தானே.
கம்பி இல்லை என்கிறேன்.
முதல் தட்டைக் கண்ணால் பார்த்தேன்.
இரண்டாவதைக் காதால்தான் கேட்டேன்.
இதை மட்டும் கேட்க
ஒருவருக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டணாவில் எட்டணா வந்தது.
மீதியை நான் கேட்கவில்லை.