நான்கு நிமிடம் பத்து நொடி

டோங்காட் சுங்கச்சாவடியில்
பதினேழு இரவு ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்தேன்.
கரும்பு லாரி கடந்துபோன பின்
தார்ச்சாலை மெல்ல அடங்கும் சத்தம் ஒன்று உண்டு.
அதைப் பிடிக்கத்தான் சரோஷ்னி என்னைக் கூப்பிட்டாள்.
மூன்று மணி நேரப் படம்:
கூண்டுக்குள் ஒரு பெண், சில்லறை, கண்ணாடியில் மழை.
டர்பனில் போட்டுக் காட்டியபோது
தேர்வுக்குழுக்காரர் இடைவேளை எப்போது என்று கேட்டார்.
கிடையாது என்றதும்
கார் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்து போனார்.

பிறகு, ஆகஸ்டில், அந்த ஏரிக்கரை ஊர்.
கடன் வாங்கிய கோட்டு, அதற்குள் வியர்வை.
பழக்கதோஷம்:
அரங்கிலும் பதிவுக்கருவியை ஓடவிட்டிருந்தேன்,
சட்டைப்பைக்குள்.
முதல் மணி நேரத்தில் இருபத்திரண்டு இருக்கைகள்
டப் டப்பென்று மடிந்தன.
மிச்சமிருந்தவர்கள் விளக்கு வந்ததும் கைதட்டினார்கள்.
நான்கு நிமிடம் பத்து நொடி.

வெளியே படிக்கட்டில் அது ஆறாக இருந்தது.
விருந்தில், ஒயினுக்கும் ஆலிவுக்கும் நடுவே, எட்டு.
கண் காது மூக்கு வைத்தார்கள்;
விடிவதற்குள் கால் முளைத்து,
எங்களுக்கு முன்பே விமானம் ஏறி
டர்பனில் வந்து இறங்கியபோது
பதினொன்று.
புரட்டாசிச் சாப்பாட்டு வரிசையில், சாட்ஸ்வொர்த்தில்,
பருப்புக் கரண்டியோடு நின்றவர் கேட்டார்:
"பன்னிரண்டாமே?"

பார்க்காதவர்கள்தாம் அதிகம் பேசினார்கள்.
அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்;
பார்த்த எங்களுக்குச் சொல்ல
அவ்வளவு இருக்கவில்லை.

சாவி தேடியவர் சாவியில்லாமல் திரும்பி வந்தார்.
"நாட்டின் சார்பில் போகவேண்டியது இதுதான்,
அன்றைக்கே சொன்னேனே."
விளம்பரம் பார்த்த பிரெனேஷ்
சுவரொட்டியில் படத்தின் பெயரைவிடப் பெரிதாக
பதினொரு நிமிடம் என்று போட்டான்.
"சரிதானே, நீ அங்கே இருந்தாயே?"
கருவி என் பையில்தான் இருந்தது.
"இருக்கும்" என்றேன்.

கூண்டுப்பெண் நொம்புசோ
பகல் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பேட்டிக்கு வந்தாள்.
எத்தனை நாள் ஒத்திகை என்று கேட்டார்கள்.
"ஒன்பது வருடம்."
சிரித்தார்கள். எழுதிக்கொண்டார்கள்.
அவளுக்குப் போய்வர டாக்சிக் காசை
யாரும் தரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்டோபரில் வேறொரு ஊர், வேறொரு படம்.
அதில் ஒரு கிழக் குதிரை இருந்ததாம்.
பதினான்கு நிமிடமாம்.
கணிப்புப் பட்டியலில் நாங்கள் இரண்டாவது,
பிறகு ஆறாவது,
பிறகு "மற்றவை".
எங்கள் படத்தில் ஒரு நொடிகூட மாறவில்லை.
அதே மழை, அதே சில்லறை.

லிச்சி விற்கும் டிசம்பர் வெயிலில்
பதினைந்து பெயர்கள் வெளிவந்தன.
ஃபீனிக்சில் சரோஷ்னியின் சமையலறை, மின்வெட்டு.
கைபேசியில் இரண்டு சதவீதம்.
அவள் பட்டியலைக் கீழிருந்து மேலே படித்தாள்.
மேலே வந்ததும் திரை அணைந்தது.
அதற்குள் தெரிந்துவிட்டது.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:
"உண்மையில் எத்தனை?"
ஒலிக்கவிட்டேன்.
இருட்டில் இருவரும் கேட்டோம்.
மழை பிடித்ததுபோல் தொடங்கி
வரிசை வரிசையாக ஓய்ந்து
கடைசி இருபது நொடி
ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும்
விடாமல், பிடிவாதமாக, தட்டிக்கொண்டிருந்தது.
"யார் அது?" என்றாள். குரல் கம்மியிருந்தது.
"யாரோ ஒருத்தருக்காவது..."

மின்சாரம் வந்தது. குளிர்பெட்டி ரீங்கரித்தது.
எனக்குத் தொழில் காது. தூரம் தெரியும்.
ஒலிவாங்கிக்கு ஒரு சாண்கூட இல்லாத கைகள்;
சட்டைப்பைக்கு நேர் முன்னால்.

என்னைக் கழித்தால்
மூன்று ஐம்பது.