தண்ணீர் எவ்வளவு வேண்டும்

கஸப் துறைமுகத்தில்
பன்னிரண்டு மாடிக் கப்பல் ஒன்று
மலையை மறைத்துக்கொண்டு நிற்கிறது.
உள்ளே நீச்சல்குளம் உண்டாம்.
"கடலுக்குள்ள எதுக்கு?" என்கிறார் பெலவேந்திரன்,
பத்தொன்பது வருடம்
எண்ணெய்க் கப்பலின் எஞ்சின் அறையில் கிடந்தவர்,
கரையைப் பார்த்த நாட்களைச்
சம்பளச் சீட்டின் பின்புறம் குறித்து வைத்திருப்பவர்.

மரப்படகுகள் வரிசையாய்.
மெத்தை, குடை, பிரியாணி, டால்பினுக்கு உத்தரவாதம்,
எல்லாவற்றையும் கடந்துபோய்
கடைசிப் படகில் கேட்டார்:
"இது மிதக்கத் தண்ணீர் எவ்வளவு வேணும்?"
முராத் வாயால் சொல்லவில்லை,
தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான்.
பேரம் பேசாமல் ஏறிவிட்டார்.
நான் பேசியிருந்தால்
ஐந்து ரியாலாவது குறைந்திருக்கும்.

கோர் ஷாமுக்குள்
இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்தது.
பச்சை என்று ஓர் இலை கிடையாது.
செங்குத்துப் பாறையில் ஓர் ஆடு,
எதைத் தின்றோ
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கே முராத் எஞ்சினை அணைத்தான்.
பெலவேந்திரன் திடுக்கிட்டு எழுந்தார்.
பலகையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்,
நாடி பார்ப்பதுபோல்.

"என்ன கேக்குது?" என்றேன்.
"ஒண்ணும் கேக்கல.
அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

முராத் இரண்டு குவளைத் தேநீர் நீட்டினான்.
இரண்டையும் நானே வாங்கிக்கொண்டேன்.