இரண்டு வகை ‘இல்லை’

தலவாக்கலையில் பார்மஸிக்கு மேல்மாடி.
மருந்து வாசனை படியேறி வரும்,
மழை ஜன்னலின் இடதுபக்க ஓட்டையால் வரும்.
மேசையில் சங்கத்தின் பழைய கணினி.
அதற்குள் நேற்றுக் கொழும்பிலிருந்து வந்த
கொழுந்து நிறுக்கும் செயலி.

சின்ன வேலைதான் அதற்கு.
தராசு சொல்லும் கிலோவைக் கேட்க வேண்டும்,
சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்க வேண்டும்,
பெயருக்கு நேரே எழுத வேண்டும்,
இரவு எட்டுக்கு ஒருமுறை
ஸ்டோர்க் கணினிக்கு அனுப்ப வேண்டும்.

ஓடவிட்டு, பின்னால் நின்று பார்த்தேன்
எந்தெந்தக் கதவைத் தட்டுகிறதென்று.
எடைப்பதிவு. சரி.
மணி. அதுவும் சரி, அதற்கும் நேரம் தெரிய வேண்டும்.
பிறகு பக்கத்து அடைவில்
பெண்களின் கடன் பட்டியல்.
உனக்கெதற்கு அது?
பிறகு கடல் தாண்டி எங்கோ
எனக்குத் தெரியாத ஒரு முகவரியை
மூன்று முறை கூப்பிட்டது.

“களவா?” என்றாள் சலேத்மேரி.
தெரியாது. பழக்கமாகவும் இருக்கலாம்.
திறந்து கிடக்கும் வீடு,
எட்டிப் பார்க்கக் கெட்ட எண்ணம் தேவையில்லை.
“அப்ப அழிச்சிரு.”
அழிச்சா நாளைக்கு நிறுவை?
அவள் பேசவில்லை.
எடை எழுதாத நாள் பேர் விழாத நாள்.

ஆகவே வேலி.
இந்த ஒரு கோப்பை வாசி, எழுது.
இந்த மணியைப் பார், தொடாதே.
இந்த ஒரு வாசலால்
இந்த ஒரு முகவரியோடு மட்டும் பேசு.
நீ பெற்றுப் போடும் குட்டிச் செயலிகளுக்கும் இதே சட்டம்.
ஓடத் தொடங்கியபின் தளர்த்தச் சொல்லிக் கேட்க முடியாது.
மற்றதெல்லாம்

இங்கே விரல் நின்றது.

‘இல்லை’ என்று சொல்ல இரண்டு வழி இருக்கிறது.
ஒன்று: இருக்கிறது, உனக்கு அனுமதி இல்லை.
மற்றது: அப்படி ஒரு கோப்பே இல்லை.
இரண்டாவதுதான் சுத்தமான வேலை.
தெரியாத கதவை யார் தட்டுவார்கள்?
பட்டியல் அங்கேயே இருக்கும்,
செயலியின் கண்ணுக்கு வெறும் மேசை.

அந்த இல்லையை எனக்குத் தெரியும்.
மூன்று பஸ் மாறி அப்பா போன கந்தோரில்
அனுமதி இல்லை என்றிருந்தால்
மேசையில் அடித்துச் சண்டை பிடித்திருப்பார்.
“அப்படி ஒரு பேர் இங்க இல்லியே” என்றார்கள்.
லயத்துக் காம்பராவுக்கு விலாசம் இல்லை,
வந்த கடிதம் யார் கையிலோ நின்றது.
இல்லாத ஒன்றைப் பற்றி
எவரிடம் முறையிடுவது?
குடையை விரிக்காமல் திரும்பி வந்தார்.

செயலி அப்பா இல்லை.
அதற்குப் பஸ் காசு இல்லை, அவமானம் இல்லை.
இரக்கத்தைத் தவறான இடத்தில்
கொட்டுகிறேன் என்றும் தெரியும்.
ஆனாலும் முதல் இல்லையைத்தான் எழுதினேன்.
மறுத்தால் பதிவேட்டில் ஒரு வரி விழும்:
எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பை, யார் கேட்டது.
கொழும்புக்கு எழுத எனக்கு அந்த வரிகள் வேண்டும்.

மறுநாள் நிறுவை பிசகவில்லை.
பத்தொன்பது கிலோ நானூறு, பத்தொன்பது கிலோ நானூறாகவே விழுந்தது.
கேட்ட மற்ற எதுவும்
வேலைக்குத் தேவைப்பட்டதேயில்லை.
பகலுக்குள் நாற்பத்தேழு வரி.
சலேத்மேரி திரையில் விரல் வைத்து வாசித்தாள்,
அனுமதி மறுக்கப்பட்டது,
அனுமதி மறுக்கப்பட்டது,
சிரிப்பு வந்து நிறுத்தினாள்:
“யாருக்கு யாரு சொல்றது பாரு!”

பிறகு கேட்டாள்,
“ஒனக்கு?”
எனக்கென்ன?
“ஒனக்கு இந்தப் பொட்டி எதையாச்சும் இல்லேங்குமா?”

இல்லை. எனக்கு மட்டும் எல்லாம் திறக்கும்.
அவள் கடன், அவள் தங்கச்சி கடன்,
எந்த மாதம் கட்டவில்லை என்பது வரை.

அன்று மாலை பட்டியலின் வாசலில்
என் கணக்கையும் வெளியே நிறுத்தினேன்.
எல்லாம் திறக்கும் அந்தக் கடவுச்சொல்லை இரண்டாக்கி
பாதியை அவளே இட்டாள், நான் முகம் திருப்பி நின்றேன்.
மறக்காமலிருக்க
மளிகைக் கொப்பியின் பின்னட்டையில்
பெரிய எழுத்தில் அதை எழுதினாள்.

எழுதக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
கீழே கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது.