பதினொன்றாம் கட்டம்

மாசி இருபது, இரவு இரண்டு மணி.
கொரடாச்சேரிக்குத் தெற்கே
கிடை உடைந்தது.
நானூறு ஆடுகள்.
விடிவதற்குள்
அபயாம்பாளின் மூன்று மா உளுந்தில்
பூவும் இல்லை பிஞ்சும் இல்லை,
குளம்புத் தடங்களில் தேங்கிய பனி மட்டும்.

ஒன்பது மணிக்குக் கம்பெனி ஜீப்பில்
பேனரோடு போய் இறங்கினேன்:
'மேய்ச்சலும் வேளாண்மையும் கைகோக்கட்டும்.'
பேனரில் இருந்த ஆடு ஆஸ்திரேலியாக்காரி,
கம்பளி முகத்தை மூடிக் கிடந்தது.
அதைப் பார்த்து முதலில் சிரித்தது
அபயாம்பாள்தான்.
அப்புறம்தான் அழுதாள்.

பன்னிரண்டு ஆடுகளைப் பிடித்துக்
களத்தில் கட்டியிருந்தார்கள்.
ஒன்றுக்கு மடி கனத்துத்
தானாகப் பால் சொட்டியது.
அதன் குட்டி
தூரத்தில் கூடாப்புக்குள் கத்தியது.
தலைக்கு ஆயிரம் வை, அவிழ்த்துக்கொள் என்றான்
அவள் கொழுந்தன்.

கீதாரி வாய் திறக்கவில்லை.
படிவத்துக்காகப் பெயர் கேட்டேன்.
"வழிவிட்டான்."
நடந்ததைக் கேட்கவில்லை ஐயா, பெயரை, என்றேன்.
"பேருதாம்மா அது.
முதுகுளத்தூர்ப் பக்கம் எங்க ஐயனாரு பேரு."

பிறகு தொரட்டியைத் தூக்கிக்
கிழக்கே காட்டினார்.
எங்கள் மதில்.
மேலே முள்கம்பிச் சுருள்,
உள்ளே சொட்டுநீரில் வளரும்
நாலாயிரம் புங்கங்கன்று.
'பசுமை வளையம்' என்று பலகை.
அந்தப் பலகைக்குத் தமிழ் எழுதியது நான்.

"அதுக்குள்ளதான் பாதை கெடக்கு.
புறம்போக்குல எறங்குனா நேரா வாய்க்கா.
குடிக்கும், திரும்பும்.
ரெண்டு வருசமா வரப்புல ஓட்டுறேன்.
வரப்பு எனக்குத் தெரியும், ஆட்டுக்குத் தெரியுமா?
நேத்து ராத்திரி உங்க சங்கு வேற
மூணு தரம் ஊதுச்சு.
வலையைப் பிச்சுக்கிட்டு ஓடிருச்சு அத்தனையும்."

சங்கு: பாதுகாப்பு ஒத்திகை.
மின்னஞ்சல் எனக்கும் வந்திருந்தது.
படித்ததாகக் குறியிட்டிருந்தேன்.

"சங்கு நானுந்தான் கேட்டேன்" என்றாள் அபயாம்பாள்.
"எந்திரிச்சேன், தாழ்ப்பாளைப் பாத்தேன், படுத்துட்டேன்.
நெல்லு குத்தகைக்குப் போயிரும் சார்க்கார—" என்று
என்னை எப்படி அழைப்பதென்று தெரியாமல் நிறுத்தி,
"உளுந்துதான் எனக்குன்னு வர்றது."

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே
எழுந்து போய்
பால் சொட்டிய ஆட்டை மட்டும் அவிழ்த்துவிட்டாள்.
கொழுந்தன் கத்தினான்.
ஆடு கூடாப்பை நோக்கி ஓடியது.
அதற்குப் பிறகு பேச்சு சீக்கிரம் முடிந்தது:
இரண்டு கிடாய்க்குட்டி,
ஐந்து இரவு அதே வயலில் கூலி இல்லாத கிடை.
போன உளுந்து போச்சு,
குறுவைக்காவது உரம் ஆகட்டும்.

கைகுலுக்குங்கள், ஒரு படம், என்றேன்.
அவர் கையில் தொரட்டி, அவள் கையில் கயிறு.
எதைக் கீழே வைப்பதென்று
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
அப்படியே எடுத்தேன்.
கம்பெனி கொடுத்த தண்ணீர்த் தொட்டி
பின்னால் தெரியும்படி.
பெயின்ட் வாசனைக்கு
எந்த ஆடும் அதில் வாய் வைத்ததில்லை.

மாலை, அறிக்கை.
பதினொன்றாம் கட்டம்: மோதலின் காரணம்.
'சங்கு' என்று தட்டினேன்.
பட்டியலில் இல்லை என்றது.
'மதில்.'
சிவந்தது.
இருந்தவை நான்கு:
குடிபோதை, முன்விரோதம்,
எல்லைத் தகராறு, விழிப்புணர்வின்மை.
கடைசியை அழுத்தினேன்.
யாருடையது என்று அது கேட்கவில்லை.

ஐந்தாம் இரவு
பேனர் இல்லாமல், பஸ்ஸில் போனேன்.
வலைக்குள் நானூறும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்க,
மூத்திர வாடையும் ஈர மண்ணும்.
வரப்பின் அந்தப் பக்கம்
டார்ச்சோடு அபயாம்பாள்,
இந்தப் பக்கம் வழிவிட்டான்.
யாரும் பேசவில்லை.
இரண்டு மணி ஆனது.
சங்கு ஊதவில்லை.
ஆனாலும் ஆடுகள் எல்லாம்
தலையைத் தூக்கிக்
கிழக்கே பார்த்தபடி இருந்தன.