மீன் அல்ல

பாரைக்கு வரவேண்டிய ஐயாயிரத்துக்குப் பதில்
மூன்று பெட்டி ஸ்ட்ரோபெரி இறக்கிவிட்டுப் போனார்
ராகலை மரக்கறி லொறிக்காரர் புண்ணியமூர்த்தி.
"காசு அடுத்த கிழமை, தங்கச்சி.
இது இன்னைக்கே பழுதாயிரும்."
உண்மைதான்.
கந்தளாய் வெயில் அடிப்பெட்டியில்
ஏற்கெனவே கைவைத்திருந்தது.

திருக்கடலூரில் இதை யாருக்கு விற்பது?
ஒன்றைக் கடித்த அருள்சீலன்
ஒரு கண்ணை மூடினான்.
"புளி.
மணம் பொய் சொல்லுது."

காஸ் முடியும் தறுவாயில்.
உப்புவெளி விடுதியில் சமைக்கும் டெல்மா
போனில் சொன்னாள்:
காய்ச்சவே வேண்டாம்.
நசி. பழமளவு சீனி போடு. தேசிக்காய் பிழி.
கரையும்வரை கிளறிப் போத்தலில் அடைத்து
பிறீசரில் வை.
மேலே ஒரு விரல் இடம் விடு,
உறைந்தால் பெருக்கும்.
அவ்வளவா?
அவ்வளவுதான், வை போனை, கறி அடிப்பிடிக்குது.

செதில் சுரண்டும் கைக்கு
காம்பு கிள்ளுவது விடுமுறை.
செவுள் இல்லை, குடல் இல்லை,
விதையெல்லாம் வெளியே.
வெட்கமில்லாத பழம்.
தேத்தண்ணிக் கோப்பையின் அடியால் நசித்தேன்.
சீனி விலையை நினைத்து
முக்காலில் நிறுத்தினேன்;
மனம் கேட்காமல் இன்னொரு பிடி.
அகப்பைக்கடியில்
டச்சு வளைகுடா மணல்போல் நறநறத்தது,
நெடுநேரம்.
பிறகு சத்தம் அடங்கி
மினுங்கத் தொடங்கியது.

படலையில் நின்று மச்சாள் கேட்டாள்,
என் முழங்கைவரை பார்த்து:
"சுறாவா வெட்டினனீ?"

ஹார்லிக்ஸ் போத்தல் நான்கு,
ஊறுகாய்ப் போத்தல் ஒன்று.
கணவாய்க்கும் கும்பளாவுக்கும் நடுவில்,
தூண்டிலுக்கு வைத்த சூடைப் பொதியைத் தள்ளி
இடம் பண்ணினேன்.
இரவில் தடவி எடுப்பவன் அருள்சீலன்.
ஆகவே ஒவ்வொரு மூடியிலும்
டேப் ஒட்டி எழுதினேன்:
மீன் அல்ல.

அன்றைக்கென்று கரண்ட் போனது.
அவன் வள்ளத்தில்.
பழைய சாக்கு இரண்டைப் பிறீசருக்குப் போர்த்திவிட்டு
பக்கத்திலேயே கதிரை போட்டேன்.
திறந்து பார்க்கக் கை துடித்தது. திறந்தால் குளிர் போகும்.
பாரைக்கு ஒருநாளும்
இப்படிக் காவலிருந்ததில்லை.
பாரைதான் காசு.
ஒரு மணி ஐம்பதுக்கு
மோட்டார் இருமியது.
படுக்கப் போனேன்.

அடுத்த கிழமை புண்ணியமூர்த்தி வந்தார்,
காசில்லாமல்.
டயர் வெடித்த கதை பாதியிலேயே
பாணை வெட்டி, கரண்டியால் சுரண்டிப் பூசி நீட்டினேன்.
பாதி ஐஸ், பாதி ஜாம்.
மென்றார். நின்றார்.
"பெட்டி பெட்டியா ஏத்துறோம்,
ஜாமா இன்னைக்குத்தான் வாயில வைக்கிறேன்."
பிறகு நாக்கைச் சப்பி,
"கொஞ்சம் கணவாய் மணக்குது."
"மணக்கும்" என்றேன்.

கொப்பியில் ஐயாயிரத்தை வெட்டவில்லை.
வெட்டினால் அவருக்கு வெட்கம்,
எனக்கு நட்டம்.
அதன் கீழே எண்ணாயிரம் எழுதி
பாரையை நிறுத்துக் கொடுத்தேன்.
ஊறுகாய்ப் போத்தலை
அவருடைய ஐஸ் பெட்டிக்குள்
இரண்டு தலைகளுக்கிடையில் செருகினேன்.

மட்கோ தாண்டி, கந்தளாய் தாண்டி
மீன்களோடு மீனாக
திரும்பவும் மலையேறுகிறது பழம்,
நெற்றியில்
மீன் அல்ல என்று ஒட்டிக்கொண்டு.